டியூட்டி இல்லாத ரயில்: குட்டி ரயில் தொடங்குபவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பற்றி

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குட்டி ரயில் செட் வாங்கினேன். 'என்' ஸ்கேல். (இந்த 'என்' என்னுடையது என்கிற 'என்' இல்லை. ஒன்பது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 9 மி.மீ. இருப்பதால் அந்தப் பெயர்.) ஒரு இன்ஜின், மூன்று பெட்டிகள், நீள்வட்டம் போடத் தேவையான தண்டவாளத் துண்டுகள், ஒரு கன்ட்ரோலர். பிரித்து அரை மணி நேரத்தில் சாப்பாட்டு மேஜை மேல் ரயில் ஓடியது.

அன்று பெரியப்பா வீட்டில் இருந்தார். ஜோலார்பேட்டை யார்டில் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து ஷண்டிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பத்துச் சுற்று பார்த்தார். "அழகா இருக்குடா" என்றார். இன்னும் ரெண்டு சுற்று. அப்புறம் கேட்டார்: "சரி, சுத்துது. இதுக்கு டியூட்டி என்ன?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரயில்வேயில் டியூட்டி இல்லாத பொருள் கிடையாது. சும்மா நிற்கிற வேகன்கூட எதற்காகவோ காத்துக்கொண்டுதான் நிற்கும்.

அந்த வாரத்தில் தொடங்கி, குட்டி ரயில் தொடங்குபவர்களுக்காக எழுதப்பட்டவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புத்தகம், பத்திரிகை வரைபடம், செட்டோடு வரும் கையேடு எல்லாம். பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் செட் வாங்கு. பிறகு பலகையில் பொருத்து. பிறகு வரைபடம் போட்டு விரிவாக்கு. பிறகு மலை, மரம், வீடு. பெரியப்பாவின் கேள்வி கடைசி அத்தியாயத்தில் வரும், அல்லது வரவே வராது. என் குறை இதுதான்: கடைசியில் வைத்திருக்கும் கேள்வியை முதலில் வைக்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

சின்னதாக்கும்போது என்னவெல்லாம் போகிறது

உலகில் அதிகம் புழங்குவது எச்.ஓ. ஸ்கேல். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் இது சரியாக வரும். நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்துப் பாருங்கள், 19.3 மி.மீ. வரும். ஆகவே எச்.ஓ. தண்டவாளத்தில் ஒரு இந்திய இன்ஜினை வைத்தால், உடம்பு சரி, கால் மட்டும் ஒடுங்கியது. 'என்' ஸ்கேலில் (160-இல் ஒரு பங்கு) நமக்கு வர வேண்டியது 10.5 மி.மீ., கிடைப்பது 9.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் ஓ.ஓ. ஸ்கேலில் ரயிலின் உடம்பு 76-இல் ஒரு பங்கு, ஓடுவதோ அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். கணக்குப்படி 18.83 வேண்டும். பொறுக்க முடியாத சிலர் 18.83-க்கே தண்டவாளம் செய்துகொள்கிறார்கள். ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மி.மீ. அவர்கள் 150-இல் ஒரு பங்கு செய்கிறார்கள். கணக்குப்படி 7.1 மி.மீ. வேண்டும், ஆனால் 9 மி.மீ. மேல்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் ரயிலுக்குக் கால் அகலம், நம்முடையதற்குக் குறுகல். ஒவ்வொரு நாடும் தனக்குத் தோதான ஒரு பொய்யை ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வளைவுக்கு வந்தால் பொய் இன்னும் பெரிது. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். 'என்' ஸ்கேலில் இது 1.09 மீட்டர். அரைவட்டம் போட்டுத் திரும்பவே 2.2 மீட்டர் அகலம் வேண்டும். என் செட்டில் வந்த வளைவின் ஆரம் 31.5 செ.மீ. நிஜத்தில் அது 50 மீட்டர் ஆரம். எந்த மெயின் லைன் ரயிலும் அதில் திரும்பாது.

நீளம்? நிலக்கரி ஏற்றிப் போகும் பாக்ஸ்-என் வேகன் ஒன்று ஏறத்தாழ 10.7 மீட்டர். ஒரு ரேக்கில் 58 வேகன் என்றால் 620 மீட்டர். 'என்' ஸ்கேலில் 3.9 மீட்டர், அதுவும் இன்ஜின் இல்லாமல். எச்.ஓ.வில் 7 மீட்டரைத் தாண்டும். பெரும்பாலான நடுத்தர வர்க்க வீடுகளில் ரயிலின் தலை ஹாலில் இருக்கும்போது வால் சமையலறையில் இருக்கும்.

ஆக, குட்டி ரயில் எதையாவது விட்டுவிட்டுத்தான் குட்டியாகிறது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறேன் என்று தொடங்குபவர் எதையும் முடிப்பதில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதைத்தான் அவர் முதலில் தீர்மானிக்க வேண்டும். பிரபலமான தொடக்க யோசனைகளை இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

வட்டம்

வட்டம் வைத்துக்கொள்வது ஓட்டத்தை. விட்டுவிடுவது புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஓடுவதைப் பார்ப்பதே ஆசை என்றால் வட்டத்தை மிஞ்சியது இல்லை. ஜப்பானில் தங்கள் ரயிலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர் அமைத்து வைத்திருக்கும் பெரிய பாதையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இடம் இல்லை, ஆனால் பதினாறு பெட்டி புல்லட் ரயில் சாய்ந்து திரும்புவதைப் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்கு அந்த ஏற்பாடு கச்சிதம். புது இன்ஜினின் மோட்டாரைப் பழக்கவும் வட்டம் வேண்டும். குழந்தைக்கும் வேண்டும்.

என் சண்டை வட்டத்தோடு இல்லை. 'வட்டத்தில் தொடங்கினால் படிப்படியாக ரயில்வே ஆகிவிடும்' என்கிற வாக்குறுதியோடுதான். ஆகாது. வட்டத்தில் ஒரு பாயிண்ட் போட்டு ஒரு சைடிங் சேர்த்தேன். ரயில் சைடிங்கில் போய் நின்றது. எதற்கு நின்றது என்று எனக்குத் தெரியாததால், மறுபடி எடுத்துச் சுற்ற விட்டேன். இப்படியே மூன்று சைடிங் ஆனது. தண்டவாளம் வாங்கிய செலவுதான் மிச்சம். மூன்றாவது மாதம் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்த எட்டு மாதம் அந்தப் பெட்டி பரண் மேல். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர் பலருடைய கதையும் அந்தப் பெட்டியில்தான் முடிகிறது என்பது என் சந்தேகம்.

எட்டுக்கு நாலு

அமெரிக்க அறிவுரைகளின் அடுத்த படி, ஒரு முழு பிளைவுட் ஷீட். நம்ம ஊர்க் கடையிலும் அதே எட்டடிக்கு நாலடிதான். அதன்மேல் எச்.ஓ. வட்டம் சரியாக உட்காரும், ஆரம் 18 அங்குலம். பல பத்தாண்டுகளாகப் பத்திரிகைகள் இந்த அளவுக்கு வரைபடம் போட்டுத் தந்திருக்கின்றன.

கேள்வி எளிது: ரயில்வேயின் வடிவத்தை மரக்கடைக்காரர் ஏன் தீர்மானிக்க வேண்டும்?

நடைமுறையில் ஒரு தொல்லையும் இருக்கிறது. நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கத்து மூலைக்குக் கை எட்டாது. ரயில் தடம்புரளும் இடமும் சரியாக அந்த மூலைதான். சுற்றிலும் ஆள் நடக்க இரண்டடி விட்டால், பன்னிரண்டுக்கு எட்டு, அதாவது 96 சதுர அடி. 32 சதுர அடிப் பலகைக்கு 96 சதுர அடி அறை. அதே வீட்டில் சுவரோரமாக ஓரடி அகலத்தில் ஒரு நீளப் பலகை போட்டால், புத்தக அலமாரிக்கு மேலேயே முடிந்துவிடும். திரும்பும் வளைவும் தேவையில்லை.

ஜான் ஆம்ஸ்ட்ராங் 1963-இல் பாதை அமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். யதார்த்தமான இயக்கத்துக்குப் பாதை வரைவது எப்படி என்பது அதன் பொருள். இந்தத் துறையில் நான் படித்ததில் உருப்படியானது என்று அதைச் சொல்வேன். அவர் ரயில் என்ன வேலை செய்யப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலைத் தொடுகிறார். இருக்கிற இடத்தையும் அடியில் அளப்பதில்லை. தான் தேர்ந்தெடுத்த வளைவின் அளவில் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்த அறைக்கு எத்தனை கட்டம் என்று பார்க்கிறார். தேர்ந்த வளைவு உள்ளே நுழையாவிட்டால் அது முதல் நாளே தெரிந்துவிடுகிறது, மரத்தை அறுத்த பிறகு இல்லை. ஒரே குறை, தொடங்குபவர் கையில் முதலில் கிடைப்பது இந்தப் புத்தகமாக இருப்பதில்லை.

மினோரீஸ்

1957-இல் பிரிட்டனின் 'ரயில்வே மாடலர்' பத்திரிகையில் சிரில் ஃப்ரீசர் ஒரு வரைபடம் வெளியிட்டார். லண்டனில் முன்பு இருந்த ஒரு ரயில் முனையத்தின் பெயரையே வைத்து 'மினோரீஸ்' என்றார். மூன்று பிளாட்ஃபாரம் உள்ள நகர்ப்புற முனையம். சின்ன இடத்தில் அடங்கும். இன்றுவரை அதையும் அதன் திருத்தங்களையும் ஆட்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏன் இத்தனை ஆயுள்? சென்னை சென்ட்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் உள்ளே வந்து நிற்கிறது. இழுத்து வந்த இன்ஜின் பஃபர் பக்கம் மாட்டிக்கொண்டது. இன்னொரு இன்ஜின் மறுமுனையில் வந்து கோர்த்து ரயிலை எடுத்துப் போனால்தான் முதல் இன்ஜினுக்கு விடுதலை. மூன்று பிளாட்ஃபாரத்தை வைத்துக்கொண்டு இதை நாள் முழுக்கச் செய்யலாம். ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் இருக்கும். ஃப்ரீசரின் கெட்டிக்காரத்தனம் ஸ்டேஷனின் வாயில் இருக்கிறது. இடம் வலமாக மாறி மாறி நெளியும் எஸ் வளைவைக் கூடுமானவரை தவிர்க்கும்படி பாயிண்டுகளை அடுக்கியிருக்கிறார். குட்டி ரயிலில் பெட்டிகள் முட்டித் தடம்புரள்வது அந்த நெளிவில்தான்.

அதாவது, அவர் ஊரை விட்டுவிட்டார், பயணத்தை விட்டுவிட்டார். ஸ்டேஷனுக்கு வெளியே ரயில் 'போகும்' இடம் திரைக்குப் பின்னால் நாலு தண்டவாளம் மட்டும். வேலையை மட்டும் விடவில்லை. ஆனாலும் தொடங்குபவரிடம் இதைக் கொடுக்க எனக்குத் தயக்கம். பாயிண்டுகள் அதிகம், வயரிங் அதிகம், ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு இன்ஜின் வேண்டும். இரண்டாவது முயற்சிக்கு ஏற்றது.

இங்கிள்நூக், டைம்சேவர்

முதல் முயற்சிக்கு நான் தேர்ந்தது இங்கிள்நூக் சைடிங்ஸ். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. விதிகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். மூன்று சைடிங். ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. பாயிண்ட் இரண்டே. முன்னால் ஒரு ஷண்டிங் நெக், அதில் இன்ஜினும் 3 வேகனும் மட்டும் கொள்ளும். மொத்தம் 8 வேகன். குலுக்கல் முறையில் ஐந்தைத் தேர்ந்து, வந்த வரிசையிலேயே நீளமான சைடிங்கில் கோர்த்து நிறுத்த வேண்டும்.

எட்டில் ஐந்தை வரிசையாகத் தேர்ந்தெடுக்க 6,720 வழி. நாளைக்கு ஒன்று என்றாலும் 18 வருஷத்துக்கு மேல் வரும். என் நாலு சக்கர வேகன் கொக்கியோடு சேர்த்து 6 செ.மீ. ஐந்துக்கு 30, நெக்குக்கு 28, பாயிண்டுகளுக்கு 25. எல்லாம் 90-க்கு 20 செ.மீ. பலகையில் அடங்கியது. இரண்டு சதுர அடிகூட இல்லை. இந்த மாதிரி நாலு சதுர அடிக்குள் அடங்கும் ரயில்களையெல்லாம் தேடித் தொகுத்தவர் கார்ல் ஆரெண்ட் என்ற அமெரிக்கர். அவரும் அளவோடு நிற்கவில்லை. எவ்வளவு சின்னதானாலும் அதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்றார்.

இதற்கு ஒரு தாயாதி, ஜான் ஆலனின் டைம்சேவர். அமெரிக்கர், கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஒரு மாபெரும் எச்.ஓ. உலகத்தையே கட்டியவர். டைம்சேவர் 1972 நவம்பரில் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் வந்தது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் அந்த உலகமும் தீயில் போனது. டைம்சேவரில் சைடிங்குகள் இரு திசையிலும் பிரியும், இன்ஜின் வேகன்களைச் சுற்றி மறுபக்கம் வர நடுவே ஒரு மாற்றுப்பாதை. கடிகாரத்தை வைத்துப் போட்டியாக ஆடுவது.

மூளைக்கு வேலை என்று பார்த்தால் டைம்சேவர் இன்னும் கடினம். ஆனால் விமர்சகர்கள் நெடுநாளாகச் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன்: எந்த ரயில்வேயும் தெரிந்தே இப்படி ஒரு யார்டு போடாது. புதிராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இடம் கெடுக்கப்பட்டிருக்கிறது. இங்கிள்நூக்கின் இடப்பஞ்சம் நம்பும்படி இருக்கிறது. சின்ன ஊர், சின்ன குட்ஸ் ஷெட், நீளமாகப் போட நிலம் இல்லை. டைம்சேவரின் பஞ்சம் வகுப்பில் வாத்தியார் போட்ட கணக்கு.

என் பலகையில் நடந்தது

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

'இடம் இல்லையா? "என்" ஸ்கேல் எடு' என்பார்கள். 'இடம் இல்லையா? ஷண்டிங் பலகை போடு' என்றும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சிக்கல். ஷண்டிங் என்றால் ஊர்ந்து போகணும், நிற்கணும், மறுபடி ஊரணும். பாயிண்டில் இரண்டு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கிராசிங் மூக்கு இருக்கும். மலிவான பாயிண்டில் அது பிளாஸ்டிக், கரன்ட் கிடையாது. வேகமாகப் போகும் இன்ஜின் தாண்டிவிடும். என் நாலு சக்கர டீசல் ஒவ்வொரு முறையும் மூக்கின் மேல் போய்ச் செத்து நின்றது. விரலால் தள்ள வேண்டும். தண்டவாளத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன், கொஞ்சம் மேல். கடைசியில் எட்டுச் சக்கரத்திலும் கரன்ட் எடுக்கும் போகி இன்ஜினாக மாற்றினேன். அது 2 செ.மீ. நீளம் கூட. நெக்கைப் பிரித்து மறுபடி போட்டேன். நெக் 28 செ.மீ. ஆனது அப்போதுதான்.

அடுத்தது கப்ளிங். 'என்' ஸ்கேலில் பல காலம் பொதுவாக இருந்தது அர்னால்ட் கம்பெனியின் ராப்பிடோ கொக்கி. முட்டினால் தானே கோர்த்துக்கொள்ளும். கழற்றத்தான் தானே தெரியாது. மெல்லிய தகட்டைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். காந்தத்தால் கழலும் கொக்கிகளும் உண்டு, எட்டு வேகனுக்கும் மாற்றச் செலவாகும். நான் தகட்டோடு நின்றுவிட்டேன்.

ஆகவே நேர்மையாகச் சொல்வதென்றால், வேகனை எடுத்து வைக்கிற வேலைதான் பிடிக்கும் என்றால் எச்.ஓ. நல்லது. கனமான இன்ஜின், சீராக ஊரும், கொக்கி கைக்குப் பிடிபடும். என் 90 செ.மீ. பலகை எச்.ஓ.வில் ஏறத்தாழ 165 செ.மீ. ஆகும். ஒரு கட்டில் நீளம்கூட இல்லை. நீளமான ரயில் நிலப்பரப்பைக் கடந்து போவதுதான் ஆசை என்றால் 'என்' எடுங்கள். அதன் வரமே அதுதான். அதே காட்சி எச்.ஓ.வுக்கு வேண்டிய பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் அடங்கும். வேலை முதலில், ஸ்கேல் அப்புறம். செட் வாங்கு என்று தொடங்கும் அறிவுரை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது, ஏனென்றால் செட் வாங்கிய நொடியில் ஸ்கேல் முடிவாகிவிட்டது.

ஆள் எங்கே?

பலகை ஓடத் தொடங்கியதும் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சீட்டைக் குலுக்கி அவரிடமே கொடுத்தேன். விதியைச் சொன்னதும் புரிந்துகொண்டார். நான் பதினெட்டு அசைவில் முடித்ததை அவர் பதினொன்றில் முடித்தார். பெருமையெல்லாம் இல்லை. முடித்துவிட்டு, "எதுக்குடா இப்படி மாத்தி மாத்தி எடுத்து வைக்கணும்?" என்றார்.

"புதிர் பெரியப்பா. எத்தனை வாட்டி வேணும்னாலும் பண்ணலாம்."

"அதான் தப்பு. எத்தனை வாட்டி வேணும்னாலும் பண்ண முடியாது. ஆள் எங்க இருக்கான் இதுல?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அவர் சேர்ந்த காலத்தில் நாலு சக்கர வேகன், திருகுக் கப்ளிங். இரண்டு வேகன் பஃபரோடு பஃபர் ஒட்டி நின்ற பிறகு, ஒரு ஆள் பஃபருக்குக் கீழே குனிந்து நடுவில் போய், கனமான இரும்பைத் தூக்கி மாட்டித் திருகிவிட்டு, மறுபடி குனிந்து வெளியே வர வேண்டும். ராத்திரியும் உண்டு, மழையும் உண்டு. கை விளக்குதான். அவன் வெளியே வந்து கையைக் காட்டும் வரை வண்டி நகரக் கூடாது. "ஒரு கப்ளிங்னா ஒரு தடவை ஆள் உள்ள போறான். அதனாலதான் நாங்க கம்மி அசைவுல முடிக்கப் பார்ப்போம். டைம் மிச்சம்னு இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "டைமும்தான்" என்றார்.

இத்தனை புத்தகம் படித்தும் இது எனக்குத் தட்டுப்படவில்லை. இங்கிள்நூக் பற்றிய குறிப்புகள் குறைந்த அசைவில் முடிப்பதைச் சாமர்த்தியம் என்கின்றன. டைம்சேவர் கடிகாரத்தை வைக்கிறது. ஏன் அசைவைக் குறைக்க வேண்டும் என்பதற்கான காரணம் மட்டும் சின்னதாக்கும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. கை தானாகக் கோர்க்கும் கொக்கி வந்ததும் அந்த ஆள் காணாமல் போனார். அவரோடு சேர்ந்து புதிரின் பொருளும். தண்டவாளம் மூன்று மில்லிமீட்டர் ஒடுங்கியதற்காகத் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆளைக் காணோம் என்று தேடியவரை நான் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வேலையே இன்று நம்ம ஊரில் அருகிவிட்டது. 1980-களில் தொடங்கி இந்திய ரயில்வே ஒற்றை ஒற்றை வேகனாகச் சரக்கு எடுப்பதைக் குறைத்து முழு ரேக்காக அனுப்பத் திரும்பியது. வேகன் பிரித்துக் கோர்க்கும் யார்டுகள் பல ஓய்ந்தன. ஆள் நடுவில் போக வேண்டாம் என்றால் அது நல்லதுதான், பெரியப்பாவே அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்த வேலை எப்படி இருந்தது என்று என் பலகை காட்டப்போகிறது என்றால், ஆளை விட்டுவிட்டுக் காட்டுவது சரியில்லை.

நான் செய்த மாற்றம் சின்னது. ஒவ்வொரு முறை கோர்க்கும்போதும் கழற்றும்போதும் இன்ஜினை நிறுத்தி, கன்ட்ரோலரிலிருந்து கையை எடுத்து, இருபது எண்ணுகிறேன். ஆள் உள்ளே போய் வரும் நேரம். அவ்வளவுதான். ஆட்டமே மாறிவிட்டது. முன்பு அலட்சியமாக எட்டு முறை கோர்த்ததை இப்போது கோர்ப்பதற்கு முன் யோசிக்கிறேன். நான்கு கோர்ப்பில் முடிந்தால் நிம்மதியாக இருக்கிறது. நான் குறை சொன்ன அந்த ராப்பிடோ கொக்கியும் இப்போது தொந்தரவாக இல்லை. தகட்டை எடுத்துக் குனிந்து தூக்குவதற்குள் இருபது ஆகிவிடுகிறது.

தொடங்க நினைப்பவருக்கு என் பங்குக்கு ஒரு அறிவுரை சொல்லியாக வேண்டும் என்றால் இதுதான். கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த ரயில் எதை, எங்கிருந்து, எங்கே, யாருக்காகக் கொண்டுபோகிறது? 'சும்மா ஓடுகிறது, நான் பார்க்கிறேன்' என்பதும் பதில்தான். அப்படியானால் தயங்காமல் வட்டம் வாங்குங்கள், நன்றாக ஓட்டுங்கள். வேறு பதில் என்றால் ஸ்கேலும் பலகையும் அந்த வாக்கியத்திலிருந்தே வரும். முடிக்கக்கூடிய அளவில் ஒன்று செய்யுங்கள். முடிந்தது, அடுத்ததைக் கற்றுக்கொடுக்கும். பரண் மேல் இருக்கும் பெட்டி எதையும் கற்றுக்கொடுக்காது.

போன மாதம் 'என்' ஸ்கேல் ஆள் பொம்மை ஒன்று வாங்கினேன். 11 மி.மீ. உயரம், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. சைடிங் முனையில், தண்டவாளத்துக்கு நடுவே ஒட்டப் போனேன். பெரியப்பா தடுத்துவிட்டார்.

"அங்க வேணாம். வெளிய நிக்க வை. டிரைவர் கண்ணுக்குத் தெரியுற இடத்துல."

அங்கேதான் ஒட்டியிருக்கிறேன்.